படலைப் பக்கம் ரெண்டு பேர்

என் காதுக்கு உலகத்து எதிரிகள் எல்லோரும் இடப்பக்கத்தால்தான் வந்தார்கள். பழைய ஹெட்போனின் வலப்பக்க வயர் அறுந்தும் அறாமலும் கிடந்ததுதான் காரணம். அதை ஒட்டுநாடாவால் சுற்றிச் சுற்றிக் கனகாலம் ஒப்பேற்றிக்கொண்டு வந்தேன். அதன் பலன் ஒரு போட்டியின் அரையிறுதியில் தெரிந்தது. "இடப்பக்கம்" என்று நான் சொன்னேன். என் பேச்சை நம்பி நாலு பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள். வலப்பக்கத்தால் வந்தவன் ஆறுதலாக நின்று நாலு பேரையும் சுட்டு விழுத்திவிட்டுக் கடைசியில் என்னையும் சுட்டான். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்கவில்லை என்றால், அது பாதியில் எதிரணியின் ஊரில் மின்சாரம் போனதால்தான்.

நடந்தது கணினி விளையாட்டில் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கரம்பொன்னில் இருந்துகொண்டு இவள் யாரோடு சண்டை பிடிக்கிறாள் என்று யோசிப்பீர்கள். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். ஒரு பழைய தொழிற்சாலையைச் சுற்றிச் சுடுபாடு. திரையில் முன்னால் உள்ளது மட்டும்தான் தெரியும். பின்னால் வருகிறவனைக் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் அணியில் அதைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்கிற ஆள் நான்.

அணிக்குப் பெயர் "தீவார்". பட்டணத்துச் சனம் தீவுப்பகுதியில் இருக்கிற எங்களை இளக்காரமாகச் சொல்கிற சொல் அது. நானும் நெடுந்தீவில் மாடு வளர்க்கிற யசிந்தனும் சேர்ந்து அணி தொடங்கியபோது அதையே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டோம். பிறகு அராலியில் இருந்து இரண்டு சகோதரர்கள் சேர்ந்தார்கள். இருவரும் வாயே திறக்க மாட்டார்கள். கடைசியாக வந்தவர் ஜெனுஷன். யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரர், குறி தப்பாதவர், அதனால் தலைவராகவும் ஆகிவிட்டவர்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஜெனுஷன் என்னை அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவருக்கு ஒரு நண்பர் இருக்கிறாராம். நல்ல காதாம், நல்ல சாமான்களாம். வருகிற ஞாயிறு பின்னேரம் வவுனியா அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஒழுங்கு செய்திருக்கிறார். அதில் நான் ஒழுங்காகச் சொன்னால் இறுதிச் சுற்றுக்கும் நானே. இல்லாவிட்டால் நண்பர் வருவார், நான் மேலதிக ஆளாக இருக்கலாம் என்றார்.

மேலதிக ஆள். நான் தொடங்கிய அணியில்.

வேலணையில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். அங்கே நான் சொல்வது, பக்கத்து மேசைக்காரர் அதையே திரும்பச் சொன்ன பிறகுதான் அதிகாரியின் காதில் விழும். எனக்கு வருகிற கலியாணப் பேச்சுகளில் என்னைத் தவிர எல்லா மாமாமாருக்கும் அபிப்பிராயம் உண்டு. நான் ஒரு சொல் சொன்னவுடன் நாலு ஆம்பிளைகள் மறுபேச்சில்லாமல் திரும்புகிற இடம் இந்த விளையாட்டு ஒன்றுதான். அதை யாரோ ஒரு நல்ல காதுக்காரருக்கு விட்டுக்கொடுக்க எனக்கென்ன விசரா?

அதனால் வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு பஸ் ஏறினேன்.

என்ன வாங்குவது என்று அந்தக் கிழமை முழுக்க யசிந்தனோடு ஆராய்ந்திருந்தேன். ஹெட்போன் மட்டும் மாற்றினால் போதாது என்றான் அவன். என் கணினியின் சொந்த ஒலியில் எப்போதும் ஒரு இரைச்சல் உண்டு. திரையில் ஆட்கள் கூடினால் அது கீச்சிடத் தொடங்கிவிடும். கணினியின் உள்ளே மற்ற மின்சாமான்களோடு நெருக்குப்பட்டு வருகிற ஒலி அப்படித்தான் இருக்குமாம். தனியாக ஒரு சவுண்ட் கார்ட் போட்டால் தெளியும். உள்ளே பூட்டுகிற கார்ட் மலிவு, ஆனால் என் கணினியில் அதற்கான பள்ளத்தை கிராபிக்ஸ் கார்ட் தன் பெருத்த உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே வெளியே வயரால் கொளுவுகிற சின்னக் கார்ட்தான் சரி என்று முடிவு செய்தோம்.

கடையில் நின்ற பெடியன் என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு ரோஸ் நிறப் பெட்டியைக் கொண்டு வந்தான். ஹெட்போனின் மேலே இரண்டு பூனைக் காதுகள். அவை நிறம் மாறி மாறி ஒளிர்ந்தன. பெண்பிள்ளைகளுக்கென்றே வந்தது என்றான். இந்தக் காது எரிந்தால் என் காதுக்கு நல்லாகக் கேட்குமா என்று கேட்டேன். அவன் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

அடுத்ததாக ஏழு தசம் ஒன்று என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பெட்டி வந்தது. சுற்றிவர ஏழு ஸ்பீக்கர் வைத்தது போலக் கேட்குமாம். எனக்கு இரண்டு காதுதான் இருக்கிறது என்று சொன்னேன். விளையாட்டே எந்தச் சத்தம் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்துத்தான் அனுப்புகிறது. அதை இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஒளிக்காமல் மறைக்காமல் என் காதில் சேர்த்தால் காணும். அதற்கு மேல் ஹெட்போனும் தன்பாட்டுக்கு வித்தை காட்டினால் குழம்பாணிதான்.

பிறகு கடை முதலாளியே வந்தார். காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலைபோலத் திறந்திருக்கிற வகை ஒன்று காட்டினார். அருமையான சாமான், சத்தம் விசாலமாக இருந்தது. ஆனால் அது வெளிச்சத்தத்தையும் உள்ளே விடும். எங்கள் ஒழுங்கையில் காகம், பஸ் ஹோண், மீன்காரன், அம்மாவின் ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அது கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கிறவர்களுக்குச் சரி. கடைசியில் முழுதாக மூடிய வகையில், தோலுக்குப் பதில் துணி உறை போட்ட ஒன்றை எடுத்தேன். தோல் உறை போட்டால் எங்கள் வெயிலுக்குக் காது இரண்டும் அவிந்துவிடும்.

எடுப்பதற்கு முன் சோதித்தேன். விளையாட்டில் வருகிற காலடிச் சத்தங்களை கைப்பேசியில் பதிந்து கொண்டு போயிருந்தேன். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, சத்தம் வருகிற பக்கத்தை விரலால் காட்டிக்கொண்டு நின்றேன். முன்னால், வலது, பின்னால், மேலே. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போயிருந்தார். முதலாளி கதிரை ஒன்றை எடுத்துப் போட்டு, சுகமில்லையோ என்று கேட்டார். நல்ல சுகம், இதைக் கட்டித் தாருங்கள் என்றேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அண்ணன் லண்டனில். அம்மாவின் பெயர் யோகம்மா, ஆனால் ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் யோகம் அக்கா. எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுச்சாமான் வந்தாலும் முதலில் சாமி அறைக்குத்தான் போகும். சைக்கிள், மிக்ஸி, அண்ணன் அனுப்பிய டிவி எல்லாம் பிள்ளையாருக்கு முன்னால் ஒரு இரவு இருந்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தன. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா பையைப் பிரித்து எல்லாவற்றையும் சாமி அறையில் பரப்பியிருந்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வேறென்ன செய்வார்.

சனி காலையில் எடுத்துப் பார்த்தேன். சவுண்ட் கார்டில் ஒரு பொட்டு. இரண்டு காதுக் கிண்ணத்திலும் ஒவ்வொரு பொட்டு. வயர் கொளுவுகிற இடத்துக்குக் கிட்ட இன்னொரு பொட்டு, நடுவில் குங்குமத்தோடு. சந்தனம் காய்ந்து கல்லுப்போல இருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மின்சாமானுக்கு ஈரச்சந்தனம் வைப்பார்களா, பழுதாகினால் யார் பொறுப்பு என்று கத்தினேன். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"இனி என்ர சாமானில நீங்கள் கை வைக்க வேண்டாம், அம்மா" என்றேன்.

அம்மா புட்டையும் சம்பலையும் மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். வழமையாகக் குசினிக்குள் இருந்து யாரையாவது பேசிக்கொண்டிருப்பார், பிரதேச சபையை, காகத்தை, அல்லது மழையை. அன்று சத்தமே இல்லை. நான் பொட்டுகளைச் சுரண்டித் துடைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

வயர் கொளுவியவுடன் எல்லாம் சரிவரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டி பொய் சொன்னது. முதலில் கணினி சத்தத்தைப் புதுக் கார்டுக்கு அனுப்பாமல் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, திரைக்கு ஸ்பீக்கரே கிடையாது. அதைத் திருத்தினேன். பிறகு காலடிச் சத்தங்கள் கிணற்றுக்குள் இருந்து வருவது போல எதிரொலித்தன. பார்த்தால் விளையாட்டும் சுற்றொலி போடுகிறது, கார்டும் தன்பாட்டில் சுற்றொலி போடுகிறது. கார்டின் வித்தையை நிற்பாட்டினேன். வெடிச்சத்தத்தைக் குறைத்தேன், சின்னச் சத்தங்களைக் கொஞ்சம் தூக்கினேன். கடைசியாக ஹெட்போனோடு வந்த மைக் தண்டைப் பக்கத்தில் பொருத்தி, அதன் நுனிக்கு வந்த பஞ்சுத் தொப்பியைப் போட்டுவிட்டு, சும்மா ஒரு ஆட்டத்துக்குள் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை. நான் அந்தத் தொழிற்சாலையில் எத்தனையோ நாள் ஓடியிருக்கிறேன். அங்கே மழை தூறுகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். தகரத்தில் நடந்தால் ஒரு சத்தம், மண்ணில் நடந்தால் ஒரு சத்தம். யாரோ ஒருவன் எனக்குப் பின்னால், வலப்பக்கம், ஒரு சுவருக்கு அப்பால் நின்று துப்பாக்கிக்கு ரவை போட்டான். உலகத்துக்கு வலப்பக்கம் என்று ஒன்று இருந்தது. கதிரையில் இருந்தபடியே நான் சத்தமாகச் சிரித்தேன். சந்தோசத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

மைக்கைப் பரிசோதிக்கத் தோன்றவில்லை. நெடுந்தீவில் அன்று மின்சாரம் இல்லை, என் குரலைக் கேட்டுச் சொல்ல யசிந்தன் வரவும் இல்லை. மைக்கின் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. எனக்குக் குறை காதில்தானே தவிர வாயில் இல்லையே என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு ஆட்டம். நாலரைக்குத்தான் ராகு காலமும் தொடங்கும். வேறு நாளாக இருந்தால் அம்மா வாசலில் நின்று மறித்திருப்பார். அன்று தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த கலண்டரை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார், போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆட்டம் முடியப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. பதின்மூன்று சுற்றை முதலில் வெல்கிற அணிக்கு வெற்றி. முதல் சுற்றிலேயே இரண்டு பேர் பெரிய கேற்றுப் பக்கத்தால் வருவது எனக்குப் பளிங்காகக் கேட்டது. சொன்னேன். ஒருவரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். நாலு பேரும் விழுந்தார்கள், பிறகு நான். தான் பேசுவதும் எனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து, திரையின் ஓரத்தில் ஜெனுஷன் எழுத்தில் கேட்டார், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று. நான் தொண்டை கிழியச் சொன்னேன். ஏதோ முணுமுணுப்பு மாத்திரம் கேட்கிறது என்று எழுதினார்.

மைக் ஒலியைக் கூட்டினேன், குறைத்தேன், கழற்றிப் பூட்டினேன். சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. விளையாடிக்கொண்டு எழுத ஏலாது, எழுதி முடிப்பதற்குள் செத்துவிடுவோம். ஐந்து சுற்றுத் தோற்றபோது ஜெனுஷன் எழுதினார், இந்தப் பாதி முடிய நண்பர் வருவார் என்று. இவ்வளவு தெளிவாக எல்லாம் கேட்கிறது, சொல்ல மட்டும் ஏலாது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

அப்போது அம்மா தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். யசிந்தன் எடுத்திருந்தான். என் போனுக்கு எடுக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இணையம் யன்னலின் மேல்கட்டையில்தான் பிடிக்கும். என் போனை அங்கே தூக்கி வைத்து, வயரால் கணினியோடு இணைத்துத்தான் விளையாடுவேன். அதில் பேச எடுத்தால் இணையம் அறுந்துவிடும். அம்மாவின் பொத்தான் போனில் இணையம் இல்லை, லவுட்ஸ்பீக்கரும் பழுது. ஆனால் பேசுவதற்கு வீடு முழுக்கச் சிக்னல் உண்டு.

"பிள்ளை, நெடுந்தீவுத் தம்பி எடுக்கிறார்" என்றார் அம்மா. சனி காலைக்குப் பிறகு என்னோடு பேசிய முதற்பேச்சு அது. "உன்ர குரல் பானைக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்காம். என்னெண்டு சொல்ல?"

எனக்கு இரண்டு கையும் விளையாட்டில், இரண்டு காதும் ஹெட்போனுக்குள். பின்படியால் மூன்று பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேறு வழி தெரியவில்லை. நான் சொல்வதை அப்படியே அவனுக்குச் சொல்லுங்கோ என்றேன். யசிந்தன் கெட்டிக்காரன். தன் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குக் கிட்ட வைத்துவிட்டான். அம்மாவின் குரல் நாலு பேரின் காதிலும் இறங்கியது.

"தம்பியவை, சுகமா இருக்கிறியளோ? பின்பக்கத்துப் படியால மூண்டு பேர் ஏறி வருகினமாம். அவையள் துவக்கும் வைச்சிருக்கினமாம். கவனமா நில்லுங்கோ."

சொல்லி முடிவதற்குள் தம்பியவை எல்லோரும் விழுந்துவிட்டார்கள்.

மரியாதை வேண்டாம், சுகம் விசாரிக்க வேண்டாம், ஆளும் இடமும் மட்டும் சொல்லுங்கோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். முன்பின் தெரியாத ஆட்களை எப்படி மரியாதையில்லாமல் சொல்வது என்று அம்மா கேட்டார். அவர்கள் எங்களைச் சுடுகிற ஆட்கள், அம்மா. அப்படியென்றால் சரி என்றார். ஆனால் இடங்களின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. நாங்கள் ஆங்கிலத்தில் எழுத்தும் இலக்கமுமாக வைத்திருந்த பெயர்கள் அவை. திரையை ஒருதரம் உற்றுப் பார்த்தார். பெரிய கேற்றைக் காட்டி, இது படலைதானே என்றார். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வெளியைக் காட்டி, இது பின்வளவு. புகைபோக்கி நிற்கிற இடம் குசினி. தண்ணித்தாங்கி தண்ணித்தாங்கிதான்.

"பின்வளவு, ஒருத்தன்" என்றார் அடுத்த சுற்றில். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒரே மூச்சில் வந்தன. வளவுக்குள் பூந்த மாட்டைக் கலைக்கிற அதே குரல். அராலிச் சகோதரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பின்வளவுக்காரன் விழுந்தான்.

பிறகு கேட்க வேண்டுமா? குசினி, ரெண்டு. தண்ணித்தாங்கி, மேல. படலை, ஓடி வாறான். எந்தத் தமிழ்ப்பிள்ளைக்கு அந்தப் பெயர்களை விளங்கப்படுத்த வேண்டும்? என் காது கேட்டது, அம்மாவின் வாய் சொன்னது, நாலு பேரும் தாயின் சொல்லுக்குத் திரும்புகிற பிள்ளைகள் போலத் திரும்பினார்கள். இடையிடையே அம்மா தன்பாட்டில், சும்மா நிக்காதையுங்கோ, ஒளியுங்கோ என்றும் சேர்த்தார். நான் சொல்லாததுதான், ஆனால் நல்ல புத்தி. பாதி முடிந்தபோது ஏழு சுற்று அவர்களுக்கு, ஐந்து எங்களுக்கு. அந்த ஐந்தும் கடைசியாக வந்தவை.

இடைவேளையில் ஜெனுஷனின் குரல் காதில் வந்தது. நண்பர் காத்திருக்கிறார்தான், ஆனால் மற்றப் பாதியையும் இப்படியே பார்ப்போம் என்றார். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அவர் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த இரண்டு நிமிட ஓய்வில்தான் நான் மைக்கின் பஞ்சுத் தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். தண்டின் நுனியில், குரல் போகவேண்டிய சின்னக் குழியில், வட்டமாக, அழகாக, ஒரு சந்தனப் பொட்டு. பொட்டு வைப்பதற்கென்றே தோண்டிய குழி என்று நினைத்திருப்பார் போல. இறுகி அடைத்துக்கொண்டு கிடந்தது. மற்றப் பொட்டுகளை எல்லாம் சுரண்டிய நான் இதைக் காணாமல் மேலே தொப்பியும் போட்டு மூடியிருக்கிறேன்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பொட்டைப் பார்த்தார். முகம் சிறுத்துப் போயிற்று.

"நல்லா வரவேணும் எண்டுதான் வைச்சனான்" என்றார் மெல்ல.

சனி காலையில் எனக்கு வந்த கோபம் திரும்பி வரும் என்றுதான் நானும் நினைத்தேன். வரவில்லை. அடக்க முடியாத சிரிப்புத்தான் வந்தது. நல்லாகத்தானே வந்திருக்கிறது என்றேன். நான் சிரிக்க, அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு தன் காப்பில் கொளுவியிருந்த ஊசி ஒன்றைக் கழற்றி, மைக்கை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சந்தனத்தை நோண்டத் தொடங்கினார். என் சாமானில் அவர் கை வைக்க, நான் பக்கத்தில் நின்று ஊதிவிட்டேன்.

மற்றப் பாதி தொடங்கியது. தண்டைப் பூட்டி, "கேக்குதோ?" என்றேன். யசிந்தன் அந்தப் பக்கம் கூவினான். ஜெனுஷன் முதலில் கேட்டது, அம்மா எங்கே என்றுதான்.

"பக்கத்தில நிக்கிறா" என்றேன். அதற்குள் தகரத்தில் காலடி விழுந்தது. "படலைப் பக்கம் ரெண்டு பேர்."

நாலு பேரும் திரும்பினார்கள். இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அதன்பிறகு ஒரு சுற்றை விட்டுக்கொடுத்து அடுத்ததைப் பிடித்து ஏறினோம். வவுனியாக்காரர் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. எங்கள் தந்திரம் விளங்கியதும் ஓடுவதை விட்டுப் பதுங்கி நடக்கத் தொடங்கினார்கள். பழைய ஹெட்போனாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். இப்போது பதுங்கி நடந்தாலும் துணி உரசுகிற சத்தம்கூட எனக்கு வந்தது. அம்மா போனை வைத்துவிட்டு என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராகு காலம் இன்னும் முடியவில்லை என்று ஒருதரம் முணுமுணுத்தார், பிறகு அதையும் மறந்துவிட்டார்.

இரு பக்கமும் பன்னிரண்டு. மிச்சம் ஒரே ஒரு சுற்று.

அந்தச் சுற்றில் எங்களில் நாலு பேரும் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். கடைசியாக ஜெனுஷன். விழுவதற்கு முன் அவரும் இரண்டு பேரைக் கொண்டுபோனார். எதிரணியில் ஒருவன் மிச்சம், எங்களில் நான். குசினி மூலையில் முதுகை ஒரு குட்டைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் யசிந்தன் வீட்டு மாட்டு மணி கிணுங்கியது. சத்தம் போடாதையுங்கோ என்றேன். நாலு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். மணிச்சத்தமும் நின்றது, மாட்டின் கழுத்தையே பிடித்திருப்பான்.

மழைத் தூறல். தகரம். ஒன்றுமில்லை. பிறகு, வலப்பக்கம், பின்னால், கொஞ்சம் மேலே, ஒரு சின்னக் கிளிக். அவன் தண்ணித்தாங்கிப் படியில் நின்று ரவை மாற்றுகிறான். அங்கே ஒருவன் நிற்பது என் கண்ணுக்குத் தெரியாது, திரும்பிவிட்டால் மற்றப் பக்கம் திறந்துவிடும். சத்தம் உண்மையில் இடப்பக்கமாக இருந்தால் நான் செத்தேன். ஆனால் அது வலது. எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. திரும்பிய கையோடு சுட்டேன்.

படியில் இருந்து அவன் உருண்டு விழுந்த சத்தமும் நல்ல தெளிவாகத்தான் கேட்டது.

அராலிச் சகோதரர்கள் கத்தினார்கள். இருவருக்கும் இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். யசிந்தன் என்னென்னவோ சொல்லிக் கூத்தடித்தான். எல்லாம் என் காதுக்குள் மட்டும் நடந்ததால் அம்மா, என்னவாம், என்னவாம் என்று என் தோளை உலுப்பினார். நான் ஹெட்போனின் ஒரு பக்கக் கிண்ணத்தை வெளியே திருப்பிவிட்டேன். அம்மா குனிந்து தன் காதை அதில் வைத்தார். எங்கள் இருவரின் தலையும் ஒட்டிக்கொண்டன. அம்மாவின் தலையில் நல்லெண்ணெய் மணத்தது.

சத்தம் அடங்கும்வரை ஜெனுஷன் பொறுத்திருந்தார். நண்பருக்குத் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் செருமினார்.

"நிலாந்தினி, இறுதிச் சுற்றிலயும் நீர் சொல்லும். நாங்கள் கேக்கிறம்."

நான் வாயைத் திறந்தேன். மைக் சுத்தமாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. சொல்லுக்கு முதல் கண்ணீர்தான் வந்தது. நாலு பேரும் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தார். என் கன்னத்தை ஒரு கையால் துடைத்துவிட்டு, மறுகையால் மைக் தண்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஓம் எண்டு சொல்லுறாள், தம்பி" என்றார்.

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடிந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.